ஒன் பை டூ: எண்ணும் தேநீரும்

ராயபுரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்தார்கள். "மாஸ்டர், ஒன் பை டூ. ஸ்ட்ராங்கா." மாஸ்டர் ஒரு டீயை ஆற்றி இரண்டு கிளாஸில் ஊற்றினார். பிறகு யாரும் கேட்காமலே இரண்டிலும் இன்னும் கொஞ்சம் பால், கொஞ்சம் டிகாஷன். "ஒண்ண ரெண்டாக்கினா இவ்ளோ வருமா மாஸ்டர்?" என்று சும்மா கேட்டுவைத்தேன். "அரைதான் சார் வரும். அரை கிளாஸ எப்டி சார் கைல குடுக்கறது?" என்றார். அருவ எண் என்பது என்ன என்ற கேள்விக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் கை அளந்தது எதை? டஸ்ட் டீ பொடிப் பொடியாக இருப்பதால் வெந்நீர் அதிகப் பரப்பைத் தொடுகிறது. சீக்கிரம் சாயம் இறங்குகிறது. அதிக நேரம் ஊறினால் துவர்ப்பும் கசப்பும் ஏறிவிடும். பாலிலுள்ள புரதம் அந்தத் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு நாக்குக்கு மென்மையாக்குகிறது. ஆற்றும்போது சூடு தணிகிறது, சர்க்கரை கலக்கிறது, நுரை எழுகிறது. இதையெல்லாம் கிராமாகவும் நிமிடமாகவும் எழுதிவிடலாம்தான். ஆனால் விடியற்காலை முதல் பைக்கும் எட்டு மணிப் பைக்கும் ஒரே நிமிடம் பொருந்தாது. மாஸ்டரிடம் எண் இருக்கிறது. கையை விட்டு வெளியே வராத எண்.

பள்ளிக்கூடக் கணக்கில் ஒன் பை டூவும் அரையும் ஒன்று. கடையில் இல்லை. 'அரை டீ' என்பது ஒருவன் குடிக்கும் குறைந்த டீ. 'ஒன் பை டூ'வில் மேலே ஒரு டீ, கீழே இரண்டு ஆட்கள், நடுவே பகிர்தல் என்ற செயல். 'அரை' அந்தச் செயல் முடிந்தபின் மிஞ்சுகிற விடை மட்டுமே. 1/2ம் 2/4ம் சமம் என்று நாம் எழுதும் கணத்தில் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் காணாமல் போகிறார்கள்.

இந்த மறதிக்குத் தமிழ் அவ்வளவு சுலபமாக இடம் கொடுப்பதில்லை. தொல்காப்பியத்தின் குற்றியலுகரப் புணரியல், எண்ணுப்பெயர்கள் அளவுப்பெயரோடும் நிறைப்பெயரோடும் சேரும்போது உருமாறுவதை விரிவாகப் பேசுகிறது. தனியே நிற்கும்போது 'ஒன்று'. பொருளைத் தொட்டதும் 'ஒரு'. மனிதரை எண்ணும்போதோ 'ஒருவர், இருவர்' என்று எண்ணுக்குள்ளேயே திணை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பழைய பின்னங்களும் அப்படித்தான்: மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் 1/16. அதன் பெயர் மாகாணி. விடைக்குள் செயல் இன்னும் மறையாமல் இருக்கிறது.

சரி, மறதி அவ்வளவு பெரிய குற்றமா? இங்கிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். 1912 மார்ச் 1 அன்று மதராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் ராமானுஜன். (அவர் நினைவாக இதே ராயபுரத்தில் 1993இல் பி. கே. சீனிவாசன் ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்.) 1913 ஜனவரி 16 தேதியிட்டு அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் முடிவிலாத் தொடர்களுக்காகப் பேசப்படுகிறது. ஆனால் அதில் முதலில் வரும் எண் அவருடைய சம்பளம்: ஆண்டுக்கு 20 பவுண்டு.

ராமானுஜனும் ஹார்டியும் 1918இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூறுபோடலாம் என்பதைப் பற்றியது. நாலை எடுத்துக்கொள்வோம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக, ஐந்து விதம். இருநூறுக்கு இது ஏறக்குறைய 4 லட்சம் கோடி. இனி நாலு பேரை டீக்கடையில் உட்காரவைப்போம். எல்லோரும் சேர்ந்தால் ஒரு விதம். மூவர் சேர்ந்து ஒருவர் தனியே என்றால், அந்த ஒருவர் யார் என்பதில் நாலு விதம். இரண்டு ஜோடிகள் என்றால் மூன்று. ஒரு ஜோடியும் இரண்டு தனியாட்களும் என்றால் ஆறு. எல்லோரும் தனித்தனி என்றால் ஒன்று. மொத்தம் பதினைந்து. யார் யாரோடு என்று கேட்டால் பதினைந்து, கேட்காவிட்டால் ஐந்து.

ஐந்து பொய்யல்ல. பெயர்களை மறந்ததால்தான் அந்தச் சூத்திரமே சாத்தியமாயிற்று. முக்கியம் என்னவென்றால், எதை மறக்கிறேன் என்பதைக் கணிதம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வேண்டுமானால் பெயர்களைத் திரும்ப அழைத்துப் பதினைந்தையும் எண்ணித் தருகிறது. பேரேட்டின் மறதி வேறு வகை. 1867இல் வந்த 'மூலதன'த்தின் முதல் அத்தியாயத்தில் 20 கெஜம் லினன் துணிக்குச் சமமாக மார்க்ஸ் அடுக்கும் பண்டங்களில் 10 பவுண்டு தேயிலையும் உண்டு. அந்தச் சமன்குறி நிற்கவேண்டுமானால் இலை பறித்த விரலும் தறி ஓட்டிய கையும் அழிந்து, அருவ உழைப்பு மட்டும் மிஞ்சவேண்டும். சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் 1983இல் வந்தது. கொள்கலன் கணக்கில் 20 அடிப் பெட்டி ஒன்று, 40 அடிப் பெட்டி இரண்டு. உள்ளே தேயிலையா, இயந்திரமா என்பது அந்த எண்ணுக்குத் தேவையில்லை. மூட்டைக் காலத்தில் முதுகை எண்ணினார்கள். இப்போது எண்ண முதுகும் இல்லை. எண்ணூர், திருவொற்றியூர் வாசல்களில் ஒப்பந்தக் கூலி தலைக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. தலையில் யார் முகம் என்பதை அந்த ஏற்பாடு கேட்பதில்லை. கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. அதிகாரம் தன் மறதியையே உண்மை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது.

ஆனாலும் பேச்சு மொழி ஒரு தடயத்தை விட்டுவைத்திருக்கிறது. ஆள் பிடிக்க வருகிறவனும் "பத்து பேர் வேணும்" என்றுதான் கேட்கிறான். பேர் என்றால் பெயர். அவனுக்குத் தெரியாமலே அவன் கேட்பது பத்துப் பெயர்களை. மாஸ்டருக்கு அது தெரிந்திருக்கிறது. ஒன் பை டூ என்றதும் அவர் கை முதலில் ஆட்களை எண்ணுகிறது, அப்புறம்தான் டீயை.