காற்று பார்த்துப் போகும் விமானம்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையம் வரை 15,300 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். 2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த நேரடிச் சேவையைத் தொடங்கியது. எங்கும் இறங்காமல் பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல்!

உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வட துருவத்தை ஒட்டிப் போகும். ஏறத்தாழ எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கும் ஊர்கள் அல்லவா? ஆனால் விமானம் அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டு போவதில்லை. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று, மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அது பின்னாலிருந்து தள்ளினால், சுற்றிப் போனாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். அதனால் போகும்போது பசிபிக் வழி, திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழி என இரு முறையும் கிழக்கு நோக்கியே பறந்து, உலகையே ஒரு சுற்று வந்துவிடுவதும் உண்டு.

இவ்வளவு நீண்ட பயணங்களுக்கென்றே உருவான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் ரகத்தில் சுமார் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையைக் குறைக்க இருக்கைகள் 161 மட்டுமே. எகானமி வகுப்பே கிடையாது. மலிவு டிக்கெட் வேண்டுமென்றால் ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் இதே நிறுவனத்தின் விமானத்தைப் பிடிக்கலாம்.