அவதானமும் நாளைய இல்லமும்

இலங்கைத் தமிழரின் அன்றாட வழக்கிலே 'அவதானம்' என்னும் சொல் மிக மலிந்து வழங்குகின்றது. வீதி திருத்துமிடத்தில் நாட்டிய பலகையிலும் அவதானம். மின்மாற்றியின் வேலியிலே தொங்கும் எச்சரிக்கையிலும் அவதானம். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையை நோக்கி, "காலி வீதியிலை அவதானமாய்ப் போ, பிள்ளை" என்று குரல் கொடுக்கும் வெள்ளவத்தைத் தாயின் வாயிலும் அவதானம். தமிழகத்தார் 'கவனம்' என்னுமிடத்தே நாம் பெரும்பாலும் அவதானம் என்கின்றோம். இச்சொல்லே ஒரு நூறாண்டுக்கு முன் தமிழ்ப் புலமையின் உச்சியில் வைத்து எண்ணப்பட்ட ஓர் அருங்கலைக்கும் பெயராய் இருந்தது. இவை இருவேறு பொருள் என்று பலர் கருதுவர். இரண்டும் ஒன்றே என்பதையும், அந்த ஒன்றே நாளைய வீட்டில் அரும்பொருளாகப் போகின்றது என்பதையும் எடுத்துரைத்தலே ஈண்டு என் நோக்கம்.

அவதானம் செய்வோர் அவையின் நடுவே அமர்வர், வினாவுவோர் சூழ்ந்திருப்பர். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பார். ஒருவர் ஒரு செய்யுளின் எழுத்துக்களை முறைமாற்றி, இடையிடையே ஒவ்வொன்றாகத் தருவார். இன்னொருவர் ஆண்டும் மாதமும் திகதியும் சொல்லி, அன்று என்ன கிழமை என்பார். ஒருவர் முதுகிலே சிறு கற்களை எறிந்துகொண்டிருக்க, வேறொருவர் மணியை அடித்துக்கொண்டிருப்பார். சதுரங்கம் ஆடுவார் ஒருவர். வீண்கதை பேசிக் குழப்புவார் ஒருவர். முடிவிலே ஒவ்வொருவர்க்கும் உரிய விடையைக் கூறி, விழுந்த கல் எத்தனை, ஒலித்த மணி எத்தனை என்பதையும் பிழையின்றிச் சொல்லல் வேண்டும். எட்டுச் செயல்களைக் கொண்டது அட்டாவதானம், பத்தாயின் தசாவதானம், பதினாறாயின் சோடசாவதானம், நூறாயின் சதாவதானம்.

யாழ்ப்பாணத்து மேலைப்புலோலியில் 1871ஆம் ஆண்டு பிறந்து, சென்னை சென்று, திரு. வி. கலியாணசுந்தரனார்க்குத் தமிழாசிரியராய் விளங்கிய நா. கதிரைவேற்பிள்ளை, சதாவதானி என்னும் பட்டத்தோடே இன்றும் அறியப்படுகின்றார். நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்திலே சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார். அருட்பா மருட்பாப் பூசலில் இவ்விருவரும் எதிரெதிர் அணியில் நின்றவர்கள், அவதானத்திலோ ஓரணியினர்.

இத்தகையோரைத் தெய்வ அருள் பெற்றவர் என்று கும்பிட்டு அப்பாற் செல்வது நம்மவர் இயல்பு. அவ்வாறு செல்லாது நின்று ஆராய்ந்தோர் கண்டவை சுவையானவை. 1956ஆம் ஆண்டு ஜோர்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். ஒருமுறை கேட்ட மாத்திரத்தில் மனிதன் மனத்திற் பிடித்துவைக்கக்கூடிய உருப்படிகள் ஏறக்குறைய ஏழு. இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்பது அதன் சாரம். அங்ஙனமாயின் நூறு செயல்களை ஒருவர் தாங்குவது எப்படி?

விடையின் ஒரு பகுதி 1980ஆம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் சாதாரண நினைவாற்றல் உடைய ஒரு மாணவரைத் தேர்ந்து, நொடிக்கு ஓர் இலக்கமாகச் சொல்லி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் செய்தனர். தொடக்கத்திலே அவர் சொன்னவை ஏழு இலக்கங்கள். ஏறத்தாழ 20 மாதங்களில், மொத்தம் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பின், 79 இலக்கங்களைத் தொடர்ந்து சொன்னார். அவர் ஓட்டப் பந்தய வீரர். மூன்று நான்கு இலக்கங்களைச் சேர்த்து, இன்ன தூரத்தை ஓடிய நேரம் என்று மனத்திலே கட்டிவைத்தார். ஆனால், இலக்கங்களை விடுத்து எழுத்துக்களைக் கொடுத்தபோது, அவர் ஆறளவிலே நின்றுவிட்டார்! அவருடைய மனக்கலம் பெரிதாகவில்லை. அதனுள் அடுக்கும் முறையே திருந்திற்று.

இதனைப் படித்தபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை, உவகையே உண்டாயிற்று. நம் முன்னோர் வகுத்த யாப்பு வேறென்ன செய்கின்றது? சீர் என்பது சில அசைகளின் கட்டு. அடி என்பது சில சீர்களின் கட்டு. எதுகையும் மோனையும் அடுத்த சொல்லுக்கு வழிகாட்டும் கைகாட்டிகள். ஒரு செய்யுளின் ஈற்றை மறு செய்யுளின் முதலாக்கும் அந்தாதித் தொடையோ, நூறு பாடல்களை ஒரு சங்கிலியாகவே கோத்துவிடுகின்றது. ஏட்டிலே எழுதுவதும் படியெடுப்பதும் அரிதாயிருந்த காலத்தில், நூல்களை மனத்திலே ஏற்றிக் காப்பதற்குக் கண்ட கருவி அது. அவதானிகள் அக்கருவியைக் கூர்மைப்படுத்தியவர்கள்.

பயிற்சியால் மூளையின் அமைப்பே மாறுமோ எனின், மாறும் என்கின்றனர். இலண்டன் நகர வாடகைக் கார் ஓட்டுநர் அனுமதி பெறுவதற்கு ஆயிரக்கணக்கான தெருக்களைப் பாடமாக்குதல் வேண்டும். அவர்களுடைய மூளையில் இடவறிவுக்கு உதவும் ஒரு பகுதியின் பின்புறம் ஏனையோருடையதைவிடப் பெரிதாயிருப்பதை 2000ஆம் ஆண்டு அந்நகரப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் வெளியிட்டனர். கற்று முடித்துத் தேறியோரில் அப்பகுதி வளர்ந்தமையைப் பின்னர் 2011இலே காட்டினர். கொட்டாஞ்சேனையிலே புதுச்செட்டித்தெருவையும் ஜம்பட்டா வீதியையும் இணைக்கும் ஒழுங்கைகளை மனத்தில் வைத்திருந்த பழைய முச்சக்கரவண்டிக்காரரை நான் அறிவேன். வீட்டுக்காரரின் பெயர் சொன்னாற் போதும், வாசலிலே இறக்கிவிடுவார். இன்று வரும் இளைஞர் கைத்தொலைபேசியின் வரைபடத்தைப் பார்த்து ஓட்டுகின்றார். அதனை நான் குறை கூறவில்லை. அவருக்கும் அது எளிது, எனக்கும் அது எளிது. மனத்தினுள் இருந்த ஒன்று வெளியே போய்விட்டது என்பதையே சொல்கின்றேன்.

இவ்வெளியேற்றத்தை முன்னரே கண்டு கூறியவர் நம் கொழும்பிலே வாழ்ந்தார். அவர் ஆதர் சி. கிளார்க். 1956ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 2008 மார்ச்சு 19இல் இந்நகரிலேயே தம் 90ஆம் வயதிற் காலமாகிப் பொறளைக் கனத்தையில் அடக்கமாகியவர். 1974ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஒலிபரப்பினர் ஒருவர் தம் சிறுமகனோடு அவரை நேர்கண்டார். இச்சிறுவன் 2001ஆம் ஆண்டில் வாழும் வீட்டிலே ஒரு சிறு கணினிக் கருவி இருக்கும். வங்கிக் கணக்கு முதல் நாடகக் கொட்டகையின் இருக்கை வரை அவன் வேண்டும் தகவலெல்லாம் அதன்வழி வீட்டுக்கே வரும் என்று கிளார்க் கூறினார். அது பலித்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடியிலிருக்கும் பாட்டியார் ரொறன்ரோவிலுள்ள பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்கின்றார்.

ஆயினும் 1964ஆம் ஆண்டு பிபிசி தொலைக்காட்சியில் அவர் கூறிய வேறொன்று பலிக்கவில்லை. நாடாவிலே இசையைப் பதிவதுபோல மூளையிலே அறிவை நேராகப் பதியும் பொறி வரும். ஓர் இரவிலே ஒரு புதிய மொழியைக் கற்றுவிடலாம் என்று அவர் எதிர்பார்த்தார். 60 ஆண்டுகள் கழிந்தும் அப்பொறி வரவில்லை. வீட்டுக்கு வெளியிலிருந்து வீட்டுக்குள் அறிவு வந்து சேர்ந்துவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து தலைக்குள் செல்லும் வழியோ, சதாவதானிகள் காலத்தில் எத்துணை நீளமோ அத்துணை நீளமாகவே இருக்கின்றது. அவ்வழியின் பெயர்தான் அவதானம். எங்கே கருத்து ஊன்றப்படவில்லையோ அங்கே நினைவு முளைப்பதில்லை.

சான்று வேண்டுவோர்க்கு இரண்டு கூறுவேன். 2011ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் சிலர், மாணவரைக் கொண்டு சில செய்திகளைக் கணினியிலே தட்டச்சுச் செய்வித்தனர். இது கணினியிலே சேமிக்கப்படும் என்று அறிந்தோர், அழிக்கப்படும் என்று அறிந்தோரைவிடக் குறைவாகவே நினைவு வைத்திருந்தனர். 2014இலே லிண்டா ஹென்கல் என்னும் அறிஞர், அரும்பொருட் காட்சிச்சாலையைச் சுற்றி வந்தோரைச் சோதித்தார். முழுப்பொருளையும் படம் எடுத்தோர், வெறுங்கண்ணாற் கண்டோரைவிட அதனை மறந்திருந்தனர். ஆனால், பொருளின் ஓர் உறுப்பை அணுக்கமாக நோக்கிப் படம் எடுத்தோர் அவ்வாறு மறக்கவில்லை. கருவி ஒன்றே, கருத்து ஊன்றியமையால் விளைவு வேறாயிற்று. நம் மண்டபங்களிலே மணவறையை நோக்கி நூறு கைகள் தொலைபேசியை உயர்த்தி நிற்கும்போதெல்லாம் எனக்கு இவ்வாய்வு நினைவுக்கு வரும். தாலி கட்டியதை எல்லாரும் பதிந்தனர். கண்டவர் எத்தனை பேர்?

2022 மார்ச்சு இறுதியிலே இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. நாளைய இல்லம் என்று நாம் எண்ணியிருந்தது ஒரு நொடியிலே நேற்றைய இல்லமாயிற்று. மின்தூக்கி நின்றது, தொலைபேசி உயிரடங்கிற்று. எங்கள் மாடியிலே அடுத்த வீட்டு மூதாட்டியார், எண்பது வயதைக் கடந்தவர், வாசற்கதவைத் திறந்துவைத்து, மெழுகுதிரி வெளிச்சத்திலே கந்தபுராணச் செய்யுள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பேத்தி கேட்டாள்: "அம்மம்மா, இது எந்தப் புத்தகத்திலை இருக்கு?"

"புத்தகத்திலைதான் இருந்தது, மோனை. புத்தகம் வீட்டோடை போச்சு. இது என்னோடை வந்திட்டுது."

இம்மறுமொழியின் கனத்தை இலங்கைத் தமிழர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. 1981ஆம் ஆண்டு சூன் முதல் நாளுக்கு முன்னிரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. வெளியே வைத்த நினைவு எரியக்கூடியது. ஆயின், மனத்தில் வைத்த நினைவும் மனிதனோடு மாளக்கூடியதே. வாய்ப்பாடமாய் மட்டும் இருந்து, படியெடுப்பார் இன்றி மறைந்த நூல்கள் எத்தனை! அவ்விழப்பைக் கண்டு வருந்தியே சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏடு தேடி அலைந்து அச்சேற்றினர். அதே பணியை 2005ஆம் ஆண்டு முதல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் செய்து வருகின்றது. ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரமாயிரமாய் அதனுள்ளே காக்கப்படுகின்றன. ஆதலால் இயந்திரத்தைப் பகைத்தல் பேதைமை. இரு பெட்டகமும் வேண்டும். ஒன்றை இயந்திரம் நிரப்பும். மற்றதை யார் நிரப்புவது?

அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. 2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு அறிஞர் செய்த சோதனை ஒன்றிலே, ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர் ஒரு வாரத்தின் பின் நூற்றுக்கு 40 பங்கையே நினைவிற் கொண்டிருந்தனர். ஒருமுறை வாசித்துப் பின் நூலை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோர் 61 பங்கைக் கொண்டிருந்தனர். நூலை மூடிச் சொல்லுதலை நம் வீடுகளிலே 'ஒப்புவித்தல்' என்பர். அந்திப்பொழுதில் விளக்கேற்றியபின், தந்தையோ பேரனாரோ நூலைக் கையில் வைத்திருக்க, பிள்ளை கைகட்டி நின்று ஒப்புவித்த வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்தது. பொருளறியாது உருப்போடுதலை நான் வேண்டவில்லை. பொருளறிந்து ஒப்புவித்தலை வேண்டுகின்றேன்.

கீழைத்தேயக் கல்லூரியிலே என்னிடம் பயிலும் இளைஞர் இருபதின்மரிடம், தாயாரின் தொலைபேசி இலக்கத்தைப் பாராமற் சொல்லுமாறு சென்ற தவணையிலே கேட்டேன். சொன்னவர் அறுவர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது இருபதின்மரும் சொன்னார்கள். ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. கேட்பார் இல்லாமையால் உறங்கிக் கிடந்தது.

நாளைய வீடு இன்னும் பல வேலைகளை நமக்காகச் செய்யும். விளக்கைத் தானே அணைக்கும். மருந்துக்கு நேரம் சொல்லும். நாம் கேளாமுன் விடையும் தரும். நமக்காக அது செய்யமாட்டாத வேலை ஒன்று உண்டு: எதிரே இருந்து பேசும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அது சொல்வதை முற்றுங் கேட்டல். சதாவதானம் நூற்றுவரிடத்தே செலுத்திய கருத்து. நம் வீட்டிலே நால்வர் இருப்பர். நால்வரிடத்தும் செலுத்தினால் அது நமக்குப் போதிய அவதானம். இன்றிரவு உணவு வேளையிலே தொலைபேசிகளை வேறோர் அறையில் வைத்துவிட்டு, பிள்ளையிடம் ஒரு பாட்டைக் கேளுங்கள். நீங்களும் ஒன்று சொல்லுங்கள்.