மர்மலேடுக்கு மலையில் வேறு கணக்கு

ஆரஞ்சு மர்மலேடு செய்யச் சொல்லும் புத்தகங்கள் பெரும்பாலும் 105 டிகிரி வரை காய்ச்சச் சொல்லும். அதை நம்பி ஏற்காட்டில் அடுப்பேற்றினால், ஆறியபிறகு பாட்டிலிலிருந்து தோண்டி எடுக்க ஸ்பூன் வளையும். அந்த 105 கடல்மட்டத்துக் கணக்கு.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் தண்ணீரின் கொதிநிலையும் இறங்கும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவருக்கு இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.

சர்க்கரை சேர்ந்தால் கொதிநிலை ஏறும். நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை என்ற அளவுக்குத் தண்ணீர் வற்றும்போது, வெறும் தண்ணீரைவிட ஏறத்தாழ 5 டிகிரி கூடுதல் காட்டும். கீழே அது 105, ஏற்காட்டில் 100. இங்கேயும் 105 வரை விட்டால் மர்மலேடு கம்பிப் பதப் பாகாகிவிடும்.

அந்த 65 பங்கு எதற்கு? பழத்தோலின் வெள்ளைப் பகுதியிலும் கொட்டையிலும் பெக்டின் இருக்கிறது. செடியின் செல்களை ஒட்டிவைக்கும் பசை அது. நீளநீளமான இழைகள். நிறையத் தண்ணீரில் கொதிக்கும் சேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள்: இழை இழையாக நீந்தும், ஒன்றோடொன்று ஒட்டாது. வடித்துச் சும்மா வைத்தால் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும். பெக்டினுக்கு வடிகட்டி வேலையைச் சர்க்கரை செய்கிறது. இழைகளைச் சூழ்ந்த தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆனால் பெக்டின் இழைகளுக்கு மின்னேற்றமும் உண்டு, ஒன்றையொன்று தள்ளும். எலுமிச்சைப் புளிப்பு அதைத் தணிக்கிறது. அப்புறம் இழைகள் கைகோத்து வலையாகி, நடுவில் சாற்றைச் சிறைபிடிக்கும். நாம் தொட்டால் ஆடுகிற ஜெல்லி அந்த வலைதான்.

பழம் கனியக் கனியப் பெக்டின் சிதைந்துகொண்டே போகும். அதனால் ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் ஆரஞ்சு வாங்கும்போது, “அக்கா, ரெண்டு மூணு செங்காயா பார்த்துப் போடுங்க” என்று கேட்டு வாங்குவது நல்லது. கமலா ஆரஞ்சின் தோல் மெல்லிசு, வெள்ளைப் பகுதி குறைவு. ஒரு கிலோவுக்கு இரண்டு எலுமிச்சையைத் தோலும் கொட்டையுமாகச் சேர்த்தால் அந்தக் குறை தீரும்.

தோலைக் குச்சி குச்சியாக நறுக்கி, சாற்றோடும் ஒன்றரை லிட்டர் தண்ணீரோடும் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். கொட்டையையும் சக்கையையும் வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி அதிலேயே போடுங்கள். காலையில் தோல் விரலால் நசுங்கும்வரை வேகட்டும். சர்க்கரையை அதற்கு முன்னால் போட்டால் தோல் விறைத்துப்போகும், பிறகு எவ்வளவு கொதித்தாலும் இளகாது. மூட்டையை ஆறவைத்துப் பிழிந்தால் கஞ்சி மாதிரி வழவழவென்று ஒன்று வரும். அதுதான் பெக்டின், ஒரு சொட்டு விடாமல் பாத்திரத்தில் சேருங்கள். பிறகு ஒரு கப் கூழுக்கு முக்கால் கப் சர்க்கரை; கரைந்ததும் தீயைக் கூட்டுங்கள்.

தெர்மாமீட்டர் இருந்தால் முதலில் வெறும் கொதிநீரில் வைத்துப் பாருங்கள். எந்த ஊரானாலும் அந்த எண்ணோடு ஐந்தைக் கூட்டினால் போதும். எனக்கென்னவோ தட்டுச் சோதனைமேல்தான் நம்பிக்கை. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, நிமிஷம் கழித்து விரலால் தள்ளும்போது மேலே ஏடு சுருங்கினால் இறக்கிவிடலாம். மார்கழியில் ஏற்காட்டு ஜன்னல் திண்டே தட்டைக் குளிர வைத்துவிடும்.

மிஞ்சிய பழத்தில் குழந்தைகளுக்கு ஒரு கைவேலை: முழு ஆரஞ்சில் கிராம்பு குத்துவது. கிறிஸ்துமஸுக்கு ரிப்பன் கட்டித் தொங்கவிட்டால் அறையே மணக்கும். ஊசியால் துளைபோட்டு, சற்று இடைவெளி விட்டுக் கிராம்பைச் செருக வேண்டும். பழம் வற்றிச் சுருங்கும்போது கிராம்புகள் தானே நெருங்கிவரும். துளை வழியே ஈரம் வெளியேறும், கிராம்பெண்ணெயில் உள்ள யூஜினால் பூஞ்சணத்தைத் தடுக்கும். ஆனால் வெளியே மூடுபனி நிற்கிற ஊரில் யூஜினால் மட்டும் போதாது. அடுப்புக்கு மேலே பரணில் சில வாரம் வைத்துத் தினமும் திருப்பிவிடுங்கள். கிராம்பு வாங்கும்போது மொட்டு உதிராததாக எடுத்து நகத்தால் அழுத்துங்கள். எண்ணெய் கசியவில்லையென்றால் வேறு கடை பாருங்கள்.