முதுகு சுமக்கும் இறுக்கம்

தொடையை வயிற்றை நோக்கி உயர்த்தும் தசைகளை இடுப்பு மடக்குத் தசைகள் என்பர். இவற்றுள் முதன்மையான சோவாஸ், முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி முள்ளெலும்புகளில் தொடங்கி, இடுப்பெலும்பின் உட்குழிவிலிருந்து வரும் இலியாகஸ் தசையோடு இணைந்து, தொடையெலும்பின் மேற்பகுதியில் உட்புறமாக உள்ள சிறு புடைப்பில் பற்றிக்கொள்கிறது. தொடையின் முன்புறமாக இறங்கும் ரெக்டஸ் ஃபெமோரிஸ், இடுப்பு, முழங்கால் ஆகிய இரு மூட்டுகளையும் கடந்து செல்வதால் முழங்காலை நீட்டவும் உதவுகிறது. காலை அசைக்கும் தசையொன்று முதுகுத்தண்டிலேயே வேர்கொண்டிருப்பதால்தான், இடுப்பின் முன்புற இறுக்கம் முதுகையும் தாக்குகிறது.

ஜிம்னாஸ்டிக்ஸில் இத்தசைகளுக்கு ஓய்வு குறைவு. முழங்காலை மார்போடு அணைத்துச் சுழலும் டக், காலை நீட்டியபடி உடலை மடிக்கும் பைக் ஆகிய இரண்டிலும் அவை சுருங்கிய நிலையிலேயே கடுமையாக உழைக்கின்றன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை தீபா கர்மாகர் நான்காமிடம் பெற்றபோது செய்த ப்ரொடுனோவா வால்ட்டில், டக் நிலையில் முன்னோக்கிய இரட்டைக் குட்டிக்கரணம் அடங்கியுள்ளது. வளரிளம் பருவத்தில் எலும்பு விரைந்து நீள, தசை அதற்கு ஈடுகொடுக்கச் சற்றுக் காலம் எடுப்பதால் இறுக்கம் மேலும் கூடலாம்.

பின்னோக்கி வளைந்து கையூன்றிப் புரளும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கில் இடுப்பு மூட்டு முன்புறமாக நன்கு விரிய வேண்டும். அது விரியாதபோது இடுப்பெலும்பு முன்னோக்கிச் சாய, குறைபட்ட வளைவைக் கீழ்முதுகு ஈடுசெய்கிறது. இவ்வாறு மீண்டும் மீண்டும் மடங்கும் முள்ளெலும்பின் பின்வளையத்தில் நுண்ணிய முறிவு ஏற்படுவதை ஸ்பாண்டிலோலைசிஸ் என்பர். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களிடையே இது பொதுமக்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. கால்களை முன்பின்னாக விரித்து அமரும் ஸ்ப்ளிட்டிலோ, இதே இறுக்கத்தால் பின்காலின் இடுப்பு வெளிப்புறமாகத் திரும்பிவிடுவதால், கால்கள் முழுதும் விரிந்ததுபோன்ற தோற்றம் மட்டுமே கிடைக்கிறது.

இறுக்கம் எத்தசையில் என்பதை அறிய, 19ஆம் நூற்றாண்டின் பிரித்தானிய எலும்பு மருத்துவர் ஹ்யூ ஓவன் தாமஸ் பெயரால் வழங்கும் சோதனையின் திருத்திய வடிவம் பயன்படுகிறது. மேசை விளிம்பில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்து, மறுகாலைத் தளரத் தொங்கவிட வேண்டும். தொங்கும் தொடை மேசை மட்டத்துக்கு இறங்காவிடில் சோவாஸும் இலியாகஸும், தொடை இறங்கியும் முழங்கால் மடங்காமல் நீண்டு நின்றால் ரெக்டஸ் ஃபெமோரிஸும் இறுகியுள்ளன எனக் கொள்ளலாம்.

நீட்சிப் பயிற்சியில் பெரிதும் நேரும் பிழை, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி முன்னே சாயும்போது முதுகை வளைத்துவிடுவதே; அப்போது நீள வேண்டிய தசை நீளாமல், ஏற்கெனவே துன்புறும் முதுகே மீண்டும் மடங்குகிறது. ஊன்றிய காலின் பக்கத்துப் பிட்டத் தசையை இறுக்கி, வால் எலும்பை உள்நோக்கி மடித்தபின், அந்நிலை குலையாமல் சிறிதளவு முன்னே நகர்ந்தாலே போதும். ஏறத்தாழ 30 விநாடி அவ்வாறு நிலைத்திருந்து, இரண்டு மூன்று முறை செய்வது தகும். ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாது நீட்டுவது உந்துவிசையைத் தற்காலிகமாகக் குறைக்கக்கூடுமாதலால், நீண்ட நீட்சியைப் பயிற்சியின் முடிவுக்கு ஒதுக்கி, தரையில் புரண்டு சுழலும் டம்ப்ளிங்குக்கு முன் காலை வீசும் அசைவுகளைச் செய்வதே பொருத்தம்.

வலுவற்ற தசையும் இறுகியதுபோல் உணரப்படும் என்பதைப் பலர் கருதுவதில்லை. அத்தகையோருக்கு நீட்சி மட்டும் பயன் தராது. காலை நீட்டி அமர்ந்து மெல்ல உயர்த்தித் தாழ்த்துவதும், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கிப் பிட்டத் தசைகளை வலுப்படுத்துவதும் தேவை.

ஸ்ப்ளிட்டில் அமர்ந்த குழந்தையின் இடுப்பைப் பிறர் அழுத்தித் தாழ்த்தும் வழக்கம் அடியோடு கைவிடப்பட வேண்டியது. வளரும் வயதில் தசைநாண் பற்றியிருக்கும் எலும்பு முனை முழுதும் கெட்டிப்படாதிருப்பதால், திடீர் இழுப்பில் அம்முனையே பெயர்ந்துவிடலாம். 'டப்' என்ற ஒலியுடன் இடுப்பின் முன்புறம் வலித்தாலோ, பின்னால் வளையும்போது முதுகுவலி தொடர்ந்தாலோ, நீட்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுவதே முறை.