தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு

காரைக்காலில் சுவரோடு சுவர் ஒட்டிய தெருவீடுகளில் தோட்டம் போட இடம் ஏது? ஜன்னல் கம்பி இருக்கிறதே, அது போதும். காலை வெயில் விழும் ஜன்னலில் ஓமவல்லி, வெளிச்சம் குறைந்த கூடத்து மூலையில் மருள் இனத்து ஸ்நேக் பிளாண்ட், அலமாரி மேலிருந்து தொங்கவிட மணி பிளாண்ட்.

செடியைவிடத் தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும். அரசலாறு கடலில் கலக்கிற ஊர் இது. பல வீட்டு அடிபம்புத் தண்ணீர் உவர்ப்பு. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு தெரிகிறதா? இலை நுனி கருகுகிறதா? அவசரப்பட்டு உரம் போடாதீர்கள். அது உப்பை இன்னும் கூட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரை வாளியில் பிடித்து, அடித்துளை வழியே வடியும்வரை தாராளமாக ஊற்றுங்கள். உப்பு கரைந்து வெளியேறும். தட்டில் வடிந்த நீரை உடனே கொட்டிவிடுங்கள். தேங்கினால் கொசு முட்டையிடும்.

ஸ்நேக் பிளாண்டுக்கு மட்டும் மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்னும் சில நாள் பொறுங்கள்.