பூட்டிய பீரோவும் பாலவனத்தத்துப் பிள்ளையும்

குறள் கிடைக்கவில்லை, தோழர்களே! எந்த ஊரில்? தமிழ் வளர்த்த ஊர் என்று தாளம் போட்டுச் சொல்கிறோமே, அந்த மதுரையில்! 1901-ஆம் ஆண்டில் அங்கே பேச வந்த ஒருவர், திருக்குறளும் கம்பராமாயணமும் கொண்டுவரச் சொன்னார். (கம்பனோடு நமக்குள்ள வழக்கு வேறு, அதை இன்னொரு நாள் பேசுவோம்.) ஊரெல்லாம் தேடியும் ஒரு பிரதி கிடைக்கவில்லை என்று, போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்களாம். வந்தவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். கல்லூரி, அச்சுக்கூடம், 'செந்தமிழ்' ஏடு, பாண்டியன் புத்தகசாலை என்று அதிலிருந்து கிளைத்தன. அவர்தான் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் சாலையில், கரிசல் வெடித்துக் கிடக்கிறதே, அந்தப் பாலவனத்தம்!

ஜமீன்தாரைப் புகழ்வது நமக்கு வேலையா என்று முகம் சுளிப்போர் சுளிக்கட்டும். ஜமீனை ஒழிக்கும் சட்டம் 1948-இல் வந்தது. அதே 1948-இல்தான், விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலாவதாக, பொது நூலகச் சட்டமும் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் யார்? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.இரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். இலண்டன் சென்று அந்தத் தொழிலைக் கற்று வந்து, அடுக்குகளைத் திறந்து வாசகனையே உள்ளே போகவிட்டார். புத்தகம் இருப்பது பயன்படுவதற்கே, கேட்டு வந்தவனைக் காக்க வைக்காதே என்றெல்லாம் 1931-இல் ஐந்து விதிகளாக எழுதி வைத்தார். உலகம் அதைப் பாடமாகப் படிக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்?

நான் கல்லூரிப் படி ஏறியவன் அல்ல. படித்த பள்ளியிலே ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. உள்ளே புத்தகம், வெளியே பூட்டு, சாவி தலைமை ஆசிரியர் மேசையில். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் அது திறக்கும். கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து முதுகு எழுத்துக்களைப் படித்தவன் நான்! ஐரோப்பாவிலே முன்னொரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்தார்களாம். இங்கே பீரோ போதுமானதாக இருந்தது.

பல்கலைக்கழகம் பெரிய இடம். ஆனால் அங்கேயும், எங்களிடம் இத்தனை இலட்சம் நூல்கள் என்று பெருமை பேசினால் போதுமா? எத்தனை நூல் இருக்கிறது என்பது கிடங்குக் கணக்கு. எத்தனை நூல் இந்த ஆண்டு வெளியே போய் வந்தது? ஒரு மாணவன் கேட்டதும் கைக்கு வர எத்தனை நிமிடம் ஆயிற்று? இல்லை என்று சொல்லி அனுப்பினீர்களே, அந்த நூலின் பெயரைக் குறித்துக்கொண்டு, பிறகு வாங்கினீர்களா? நூலகர் நாற்காலியில் ஆள் இருக்கிறாரா, தூசிதான் உட்கார்ந்திருக்கிறதா? வகுப்பு முடிந்த பிறகு கதவு எத்தனை மணிவரை திறந்திருக்கிறது? வகுப்பு நேரத்தில் மட்டும் திறந்து, வகுப்போடு சேர்த்து மூடினால், மாணவன் எப்போது படிப்பான்?

இப்போது பூட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிலையங்களுக்கு இணையம் வழியே கிடைக்க. பணம் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அதில் ஐயமில்லை. இதழ் மாணவனுக்குப் போய்ச் சேருமா? எப்படித் திறப்பது, எப்படித் தேடுவது என்று உடனிருந்து காட்ட ஓர் ஆள் வேண்டாமா? இல்லாவிட்டால் அதுவும் பீரோதான், கண்ணாடிகூட இல்லாத பீரோ!

காசுள்ளவன் மகன் கடையில் வாங்கிக்கொள்வான். தறியில் காலாடக் கையாட நெய்பவன் மகன், மானாவாரிப் பருத்திக்கு வானத்தைப் பார்ப்பவன் மகள், எங்கே வாங்குவது? அவர்களுக்கு அந்த நூலகம்தான் வீட்டு அலமாரி. அதை நடத்துவதோ நம் வரிப்பணமும் அந்தப் பிள்ளைகள் கட்டும் கட்டணமும்.

1966-இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம், இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கிறது. உங்கள் ஊர்ப் பிள்ளை அங்கே படித்தால், அடுத்த முறை பார்க்கப் போகும்போது முறுக்குப் பொட்டலத்தோடு நிறுத்தாதீர்கள். நூலகம் வரை நடந்து போங்கள். எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேளுங்கள். பிள்ளை கேட்டுக் கிடைக்காத புத்தகத்தின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்து, எப்போது வாங்குவீர்கள் என்பதற்குப் பதிலை எழுத்தில் வாங்கி வாருங்கள்.