அழாத பிள்ளை

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழுது அழுது பார்த்தும் யாரும் வராத பிள்ளை என்ன செய்யும்? கொஞ்ச நாளில் அழுவதையே விட்டுவிடும். 1989 டிசம்பரில் ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் அந்நாட்டு அனாதை இல்லங்களுக்குள் போன வெளியாட்களைத் திடுக்கிட வைத்தது இதுதான்: வரிசை வரிசையாகத் தொட்டில்கள், தொட்டில் நிறையக் குழந்தைகள், சத்தம் மட்டும் இல்லை. ஓர் ஆயாவுக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். சோறும் துணியும் இருந்த இடங்களிலும், ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ள ஒரு ஆள்தான் இல்லை.

தலைநகர் புக்கரெஸ்டில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2000ஐ ஒட்டி ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகள். வயது 6 மாதத்திலிருந்து 31 மாதம் வரை. சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர் பழைய ஏற்பாட்டிலேயே இருந்தார்கள். பிள்ளைகளை வைத்து இப்படிச் செய்யலாமா என்று கேட்கத் தோன்றும், அப்போதும் கேட்டார்கள். அந்த ஊரில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே அநேகமாக இல்லாத காலம் அது. 56 குடும்பங்களைத் தேடிப் பிடித்ததே ஆய்வுக் குழுதான். இல்லத்தில் இருந்த பிள்ளைக்கு வேறு வழியில் வீடு கிடைத்தால் தடுப்பதில்லை என்பதும் அவர்களுடைய நிபந்தனை.

நாலரை வயதில் அறிவுத்திறனை அளந்தபோது இல்லத்துப் பிள்ளைகளின் சராசரி 73, வளர்ப்பு வீட்டுப் பிள்ளைகளுக்கு 81, பிறந்த வீட்டிலேயே வளர்ந்தவர்களுக்கு 109. எட்டுப் புள்ளி பெரிதா என்று கேட்கலாம். அதைவிட என்னைக் கவர்ந்தது, பன்னிரண்டு வயதையொட்டிச் செய்த வேறொரு சோதனை. முன்பின் தெரியாத பெரியவர்கள் முன்னால் பிள்ளையை நிற்கவைத்துப் பேசச் சொல்வார்கள். யாருக்கும் உள்ளங்கை வியர்க்கும். சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கும். நெருக்கடி முடிந்ததும் அது வடியும். ஆரோக்கியமான உடம்பு அப்படித்தான் ஏறி இறங்கும். இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு அது சரியாக ஏறவே இல்லை. இரண்டு வயதுக்குள் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு மற்றப் பிள்ளைகளைப் போலவே ஏறியது. யாரோ ஒருவர் மடியில் தூக்கி வைத்துக்கொண்டது சுரப்பி வரைக்கும் எட்டியிருக்கிறது.

இதைத் திருவாரூர் மாவட்டக் குடவாசல் பக்கம் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு 2004 நினைவுக்கு வராமல் போகாது. ஜூலை 16இல் ஒரு பக்கம் கும்பகோணம் பள்ளித் தீ, 94 பிள்ளைகள். டிசம்பர் 26இல் கிழக்கே கடலிலிருந்து சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். அம்மா அப்பா இருவரையும் இழந்த பிள்ளைகள் பலரைப் பாட்டியும் சித்தியும் பெரியப்பாவும் கூட்டிப்போனார்கள். போக இடமில்லாதவர்களுக்காக அரசு நாகையில் அன்னை சத்யா காப்பகத்தைத் திறந்தது. அப்போதைய ஆட்சியர் ஜெ. ராதாகிருஷ்ணனை அங்கிருந்த பிள்ளைகள் அப்பா என்றே கூப்பிட்டார்கள். மாற்றலாகிப் போன பிறகும் அவரும் அவர் மனைவியும் வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அங்கு வளர்ந்த பெண்களுக்குக் கல்யாணத்தை முன்னின்று நடத்தியதும் செய்திகளில் வந்தது. காப்பகம் என்றாலே ருமேனியா என்று எழுதிவிட முடியாது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவின் ஹைதராபாத், நாகாலாந்து பிள்ளைகள் உட்பட ஐந்து நாடுகளின் பிள்ளைகளை ஒப்பிட்டது. இல்லங்களில் இருந்தவர்கள் வெளியே குடும்பங்களில் வளர்ந்த ஆதரவற்றவர்களைவிட மோசமாக இல்லை என்றே சொன்னது. ஆனால் அவர்கள் 6 முதல் 12 வயதுக்காரர்கள், கைக்குழந்தைகள் அல்லர். தவிர, எல்லா ஆட்சியரும் கல்யாணத்துக்குத் திரும்பி வருவார்கள் என்று நம்பித் திட்டம் போட முடியாது.

இனி வீட்டுக்குள் வருவோம். அடி உதையில் வளர்ந்த ஏழு வயதுப் பெண் ஒருத்தி, குடவாசலில் ஒரு வீட்டுக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தட்டிலிருக்கும் தோசையில் பாதியைப் பாவாடைக்குள் சுருட்டித் தலையணைக்கடியில் வைக்கிறாள். எறும்பு மொய்த்த பிறகுதான் தெரிகிறது. "திருட்டுப் புத்தி" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. புத்தி ஒன்றும் கெடவில்லை. நாளைக்குச் சோறு வரும் என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் காலியாகாத ஒரு முறுக்கு டப்பா வைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று கடினமானது. கொல்லைப்பக்கம் விழுந்து முழங்காலில் ரத்தம். அழவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. "கெட்டிக்காரி, அழவே மாட்டா" என்று வளர்ப்புத் தாய் பெருமையாகச் சொல்கிறார். அங்கேதான் சிக்கல். மேரி டோசியர் என்ற அமெரிக்க உளவியலாளர் வளர்ப்பு வீடுகளுக்கு வந்த குழந்தைகளைக் கவனித்துச் சொன்னது: இந்தப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், நல்ல மனசுள்ள பெரியவர்களும் 'இதுக்கு நாம தேவையில்லை போல' என்று தாமும் விலகிவிடுகிறார்கள். அதனால் கேளாமலே கொடுக்கப் பழக்கும் பயிற்சி ஒன்றை அவர் வகுத்தார். பயிற்சியாளர் பத்து முறை வீட்டுக்கே வருவார். அழாத பிள்ளையின் காயத்துக்கும் அழுத பிள்ளைக்குச் செய்வதையே செய்ய வேண்டும், விளையாட்டில் பிள்ளை போகும் போக்கில் போக வேண்டும், பயமுறுத்தக் கூடாது. 'பூச்சாண்டி வர்றான்' கூட வேண்டாம். பயிற்சி பெற்ற வீடுகளில் குழந்தைகளின் கார்டிசால் காலையில் கூடி இரவில் இறங்கும் வழக்கத்துக்குப் பக்கமாக வந்தது.

நம் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 'வளர்ப்பு பராமரிப்பு' என்ற பெயரில், குழந்தைகள் நலக்குழுவின் ஆணையோடு பிள்ளையை ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்க வழி செய்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். 2024இல் வழிகாட்டு நெறிகளைத் திருத்தி, தனியாக வாழ்பவர்களும் வளர்க்கலாம் என்றார்கள். தமிழக அரசு 2025இல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டமும் ஆதரவற்ற பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறது. பணம் வங்கிக்கு வந்துவிடுகிறது. பத்து முறை வீட்டுக்கு வந்து, அழாத முழங்காலைப் பற்றி அந்த அம்மாவிடம் பேச ஆள் வேண்டுமே! காசைவிட அதுதான் குறை என்பது என் எண்ணம். கிராம செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஏற்கெனவே தெருத்தெருவாகப் போகிறார்கள். அவர்களில் சிலருக்காவது இதைக் கற்றுக்கொடுத்துத் தனி ஊதியம் தரலாம்.

"வளர்த்துட்டு விட்டுக் குடுக்கணுமா?" என்பதுதான் முன்வரத் தயங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. சில சமயம் ஆம். தத்து வேறு, இது வேறு. பெற்றவர்கள் தேறி வந்தால் பிள்ளை திரும்பிப் போகலாம். அப்படி வராத நிலையில் தத்தெடுக்க விரும்பினால், முன்பு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. புக்கரெஸ்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை மறுபடி பார்த்தபோது, முதலில் போய்ச் சேர்ந்த வீட்டிலேயே தங்கியவர்களிடம் முரட்டுத்தனமும் அடங்காமையும் குறைவாக இருந்தன. வீடு மாறியவர்களிடம் கூடுதலாக இருந்தன. திருவாரூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் வாங்கும்போது வீட்டில் எத்தனை அறை என்று பார்க்கட்டும். இந்த வீட்டில் பிள்ளை எத்தனை வருஷம் இருக்க முடியும் என்பதையும் உட்கார்ந்து கேட்கட்டும்.